மேனேஜருக்குப் பார்த்த வீடு

நயாரெத் வெர்தெஹோவை வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கொஞ்சம் விழிப்பார்கள். சம்பளம் என்ன, சாப்பாடு உண்டா, எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊருக்குப் போகலாம் என்றெல்லாம் அவள் கேட்பதில்லை. "முதலாளி எங்க தூங்குறார்?" என்பாள். வடக்கே பாலைவனத்தில் சூரியத் தகடு பதிக்கும் கம்பெனிக்காரர்கள் "தலைநகரத்துல" என்றார்கள். அப்படியானால் தகடு கழுவுகிற தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது, அதை நம்பி எத்தனை வீடு இருக்கிறது என்று கேட்டாள். அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். தெற்கே ஒரு சின்னக் காற்றாலைக்காரன் மட்டும், "இந்தக் கோபுரத்துக்குக் கீழதான் தூங்குறேன். சத்தம் தாங்காம என் பொண்டாட்டி அக்கா வீட்டுக்குப் போயிட்டா" என்றான். நான்கு வருடமாக அவனிடம்தான் வேலை பார்க்கிறாள்.

இந்தக் கேள்வியை அவள் பாடப்புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. பதினேழு வயதில், ஒரே ஒரு குளிர்காலத்தில், ஒரு மனிதன் மேல் வைத்த வன்மத்திலிருந்து அது முளைத்தது. நான் அவள் வகுப்பில்தான் படித்தேன். அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கும் எனக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான் இருந்தது.

எங்கள் ஊர் சான் தெல்மோவில், நிலக்கரி எரித்துக் கரண்ட் எடுக்கும் ஆலையின் இரண்டு புகைபோக்கிகளும் எல்லா ஜன்னலிலும் தெரியும். நாங்கள் படித்த தொழிற்பள்ளியின் விளையாட்டுக்கூடத்துக்கு ஆலையின் பெயர்தான். நயாரெத்தின் அம்மா ஹிமேனா ஆலைக் கேன்டீனில் சமைத்தாள். இரண்டாம் வருடம் படிக்கும்போது ஆலை நடத்திய கட்டுரைப் போட்டியில் நயாரெத்துக்கு முதல் பரிசு கிடைத்தது, தண்ணீர் கொதிக்க வைக்கும் ஒரு கரண்ட் கெட்டில். "எல்லோருக்கும் வெளிச்சம் வேண்டுமென்றால் யாராவது கொஞ்சம் இருமத்தான் வேண்டும்" என்று அந்தக் கட்டுரையில் எழுதியிருந்தாள். மேடையில் அந்த வரியை வாசித்தபோது ஆலைக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம்.

மின்சாரப் பிரிவில் படிப்பவர்கள் கடைசியில் ஐந்நூற்று நாற்பது மணி நேரம் பயிற்சி முடித்து, பயிற்சி நோட்டில் ஆலை மேனேஜரின் கையெழுத்தை வாங்க வேண்டும். அது இல்லாமல் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாதவனை ஒரு பல்பு மாட்டக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள். டர்பைன் கூடத்துக்குப் போக எல்லோருக்கும் ஆசை. எனக்குக் கருவி அறை வாய்த்தது. அதன் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நயாரெத்தை டெலிபோன் முன்னால் உட்கார வைத்தார்கள்.

அதற்கு 'நல்ல அண்டை வீட்டார் தொலைபேசி' என்று பெயர். ஊரில் நாற்றம் அடித்தால் மக்கள் அதற்குத்தான் கூப்பிட வேண்டும். "பொண்ணு குரல்னா திட்ட மாட்டாங்க" என்றார் மேனேஜர் தோன் லியாந்த்ரோ குருசாத். (தோன் என்றால் ஐயா; பெண்ணானால் தோன்யா.) மேஜையில் ஒட்டியிருந்த சீட்டைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றும் சொன்னார். முதல் நாளே ஓல்கெர் கூப்பிட்டார். மட்டி எடுக்க முப்பது வருடம் கடலில் மூழ்கியவர், விஷம் என்று மட்டியைத் தடை செய்த பிறகு வீட்டில் இருப்பவர்.

"நல்ல அண்டை வீட்டார் தொலைபேசி, வணக்கம்."

"நல்ல அண்டை வீட்டான் என் மூக்குல குசு விட மாட்டானே?"

"உங்கள் அழைப்புக்கு நன்றி. உங்கள் புகாரைப் பதிவு செய்துகொண்டோம். அளவுகள் எல்லாம் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான் இருக்கின்றன."

"இரு, இரு. இது ஹிமேனா பொண்ணு குரல் இல்ல? நயா, நீயா?"

"பேர் சொல்லக் கூடாது, தோன் ஓல்கெர்."

"என் பேரை நீ சொல்லிட்டியே, கழுதை!"

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். முதல் மாதம் இப்படியே போனது. புகார் நோட்டில் நேரம், பெயர், தெரு, புகார் எல்லாம் எழுதுவாள். 'எடுத்த நடவடிக்கை' என்ற கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு இழுப்பாள். கோடு இழுக்கச் சொன்னது குருசாத்.

எங்கள் பக்கம் குளிர் தொடங்கும் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொடக்கப் பள்ளியிலிருந்து கிளாதிஸ் டீச்சர் கூப்பிட்டார்.

"நயாரெத், ஒண்ணாம் வகுப்புல பதினொரு பிள்ளைங்க வாந்தி எடுக்குது. உன் தங்கச்சி மாயித்தே மயங்கி விழுந்துட்டா. லோடைக் குறைக்கச் சொல்லும்மா, எரிக்கிறதைக் குறைக்கட்டும். உடனே சொல்லு."

அவள் மேனேஜர் அறைக்கு ஓடினாள். கதவு திறந்தே கிடந்தது. கம்ப்யூட்டரில் ஒரு பாய்மரப் படகின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் குருசாத்.

"அளவு வரம்புக்குள்ள இருக்கு. ஜன்னலைச் சாத்தச் சொல்லு."

"என் தங்கச்சி அங்க இருக்கா, தோன் லியாந்த்ரோ."

"அவளையும் ஜன்னலைச் சாத்தச் சொல்லு. சீட்டுல இருக்கிறதைப் படி, போ."

அவள் திரும்பி வந்து சீட்டைப் படித்தாள். ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். கையெழுத்துக்கு இன்னும் முந்நூறு மணி நேரம் பாக்கி இருந்தது. மறுமுனையில் பிள்ளைகள் அழும் சத்தம் கேட்டது.

"உனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கத்துக்குடுத்ததே நான்தான்" என்று சொல்லிவிட்டு கிளாதிஸ் டீச்சர் வைத்துவிட்டார்.

மாயித்தே அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவின் தோளில் சாய்ந்து வந்தாள். நயாரெத் பரிசு வாங்கிய கெட்டிலை எடுத்துப்போய்க் கொல்லைப்புறச் சிமென்ட்டில் போட்டு உடைத்தாள்.

"அதை ஏன்டி உடைக்கிற? சும்மாவா வந்துச்சு?" என்றாள் ஹிமேனா.

"சும்மாதாம்மா வந்துச்சு. அதான்."

"இங்க பாரு. அந்தக் கையெழுத்து இல்லாட்டி நீயும் என்னை மாதிரி தட்டுக் கழுவுறவதான். வாயை மூடிக்கிட்டு மணி நேரத்தை முடி. அதுக்கப்புறம் எவன் மூஞ்சில வேணா துப்பு."

தப்புச் செய்தவன் வீட்டு வாசலுக்கே போய்த் தகரமும் மேளமும் அடித்து, அவன் செய்ததை அக்கம்பக்கம் கேட்கக் கூவுவது எங்கள் நாட்டு வழக்கம். ஃபூனா என்போம். ஓல்கெர் ஊர்க்காரர்களை ஏற்றிப்போக ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்தார். குருசாத்தின் வீடு நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கடற்கரை நகரத்தில், இருபது மாடிக் கட்டிடத்தில் இருந்தது. காவலாளி எல்லோர் பெயரையும் எழுதிக்கொண்டு கேட்டைப் பூட்டிவிட்டான். அவர் இருந்த பதினாறாவது மாடிக்கு மேளம் எட்டவில்லை.

"நல்லா மேளம் அடிச்சாங்களாமே? நான் டென்னிஸுக்குப் போயிட்டேன்" என்றார் குருசாத் மறுநாள், யாரிடமும் இல்லாமல் பொதுவாக.

ஆனால் பிள்ளைகள் விழுந்த செய்தி டிவியில் வந்துவிட்டது. ஜூலைக் கடைசியில் தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு புத்திசாலி யோசனை சொன்னார். மேனேஜர் மிச்சக் குளிர்காலம் முழுவதும் சான் தெல்மோவிலேயே குடியிருப்பார், மக்களோடு மக்களாக. குருசாத் எரிச்சலோடு டெலிபோன் அறைக்கு வந்தார்.

"நீ இந்த ஊர்க்காரிதானே? எனக்கு ஒரு வீடு பார். கடல் தெரியணும். சத்தம் கூடாது."

நயாரெத் யோசிக்கவே இல்லை. பதில் எப்போதோ தயாராக இருந்ததுபோல் வந்தது.

"மேட்டுத் தெருவுல ஒண்ணு இருக்கு, தோன் லியாந்த்ரோ. விரிகுடா முழுசும் தெரியும். அவ்வளவு அமைதி."

அமைதிதான். இரண்டு வருடத்தில் மூன்று குடும்பம் காலி செய்துகொண்டு ஓடிய வீடு. குளிர்காலத்தில் காற்று நின்றுபோகும் காலைகளில் புகை மேலே போகாது. எட்டு மணி வாக்கில் படுத்த வாக்கிலேயே நகர்ந்து மேட்டில் முட்டும். முட்டுகிற இடம் அந்தத் தெரு. அங்கே மதியத்துக்கு முன்னால் யாரும் துணி காயப் போடுவதில்லை. சான் தெல்மோவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. பதினாறாவது மாடிக்காரனுக்குத் தெரியாது.

சாவி தோன்யா எதுவீனாவிடம் இருந்தது. எதிர்வீட்டுக்காரி.

"அந்த வீட்டையா கேக்குற? வேணாம்டி, பாவம். யாருக்கு?"

"குருசாத்துக்கு."

எதுவீனா கையைத் துடைத்துக்கொண்டாள். சாவியை எடுக்கப் போனவள் பாதியில் நின்றாள்.

"படுக்கையறை ஜன்னல் கொக்கி போயிருச்சு. சாத்த வராது. ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணிடவா?"

"வேணாம், தோன்யா."

"சரி. கண்ணாடியை மட்டும் நல்லாத் துடைச்சு வெக்கிறேன். கடல் தெரியட்டும்."

ஒரு தெருவே வாயைப் பொத்திக்கொண்டிருந்ததை நான் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். குருசாத் குடிவந்த அன்றைக்கு, இறைச்சி வைத்துச் சுட்ட எம்பனாதா ஒரு தட்டு நிறைய வந்தது. ஓல்கெர் பெட்டிகளைக்கூட இறக்கிக் கொடுத்தார். "காலைல ஜன்னலை நல்லாத் திறந்து வெச்சுப் பாருங்க, தோன் லியாந்த்ரோ. படம் மாதிரி இருக்கும்" என்றார்.

பதினொரு நாள் வடகாற்றும் மழையும் அடித்தது. ஊரைக் கழுவி விட்டதுபோல் இருந்தது. "இங்கே மக்களுக்கு என்ன குறை என்றே எனக்குப் புரியவில்லை" என்று குருசாத் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். நயாரெத் அதைக் கத்தரித்து டெலிபோன் பக்கத்தில் ஒட்டினாள். தினமும் காலையில் துறைமுகத்துக் கொடிக்கம்பத்தைப் பார்ப்பாள். கொடி படபடத்தால் முகம் சுருங்கும். "தொங்கணும்" என்பாள் பல்லைக் கடித்துக்கொண்டு. மழைக்காகக் காத்திருக்கிற குடியானவன்கூட வானத்தை அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

ஆகஸ்ட் மாதம், மாதா திருநாள் விடுமுறையன்று கொடி தொங்கியது.

ஆலை அடுப்புக்கு விடுமுறை கிடையாது. பயிற்சிக்காரர்களுக்கும் இல்லை. வெளியிலிருந்து ஆலைக்கு வரும் எல்லா அழைப்பும் விடுமுறை நாட்களில் நயாரெத்தின் டெலிபோனுக்குத்தான் வரும். இன்னொரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்காமல் இருக்க குருசாத் செய்த ஏற்பாடு அது. எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஓல்கெர் கூப்பிட்டார். பிறகு கடைக்காரர், பிறகு இரண்டு சகோதரிகள். எட்டு நாற்பதுக்கு மேட்டுத் தெருவிலிருந்து ஒரு இளம் அம்மா. நாலு மாதக் குழந்தை, உதடு நீலமாகிறது என்றாள். நயாரெத் எழுதினாள், கோடு இழுத்தாள். ஒன்பதரைக்குள் பத்தொன்பது புகார், பத்தொன்பது கோடு. நோட்டில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். ஒன்பது முப்பத்தொன்றுக்கு மறுபடி மணி அடித்தது.

"கன்ட்ரோல் ரூமுக்குப் போடு! மூச்சு விட முடியலை!"

"உங்கள் அழைப்புக்கு நன்றி."

"நான் குருசாத் பேசறேன்!"

"குருசாத். எழுதிக்கிட்டேன். எந்தத் தெரு?"

"நயாரெத், விளையாடாதே." பேச்சு இருமலில் முறிந்தது. தடுப்பு வழியாக எனக்கே கேட்டது.

"தெரு சொன்னாத்தான் பதிவு பண்ண முடியும்."

"மேட்டுத் தெரு! நீ பார்த்த வீடு!"

"உங்கள் புகாரைப் பதிவு செய்துகொண்டோம். அளவுகள் எல்லாம் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான் இருக்கின்றன. ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்."

"சாத்த மாட்டேங்குதுடி!"

"அதையும் எழுதிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கன்ட்ரோல் ரூமுக்கு மாற்றினாள்.

நான் வெளியே போய்ப் பார்த்தேன். இரண்டாவது புகைபோக்கி கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. திரும்பி வந்தபோது அவள் நோட்டின் கடைசிக் கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். '9.44. லோடு குறைக்கப்பட்டது.' அந்தக் கட்டத்தில் எழுத்து விழுந்தது அதுதான் முதல் தடவை. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் பேனா நின்ற இடத்திலேயே கண் நின்றது.

"பதிமூணு நிமிஷம். பத்தொன்பது பேருக்கு முடியாதது, ஒருத்தனுக்குப் பதிமூணு நிமிஷம்" என்றாள்.

அப்புறம் விரலை மேலே நகர்த்தி எட்டு நாற்பது வரியில் வைத்தாள்.

"கொடி தொங்கணும்னு தினமும் வேண்டிக்கிட்டது நான். அவன் ஒருத்தன் இருமணும்னு அந்தத் தெரு நாப்பது வீட்டுக்கும் புகை கேட்டிருக்கேன்."

"வருத்தமா இருக்கா?"

"அவன் இருமினதைக் கேட்டதும் சந்தோஷமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு. அதான் பயமா இருக்கு."

குழந்தை சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டது. நயாரெத் நேரே அந்த வீட்டுக்குப் போய், வீடு பார்த்துக் கொடுத்தது தான்தான் என்று சொன்னாள். அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கிருந்து ஓல்கெர் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் குருசாத் சிவந்த கண்ணோடு வந்து நோட்டைக் கேட்டார். வெள்ளைப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் அடியில் கார்பன் வைத்து ஒரு ரோஜா நிறப் பிரதி உண்டு. புகார் சொன்னவர் அடையாள அட்டையோடு வந்து கேட்டால் அதைக் கொடுக்க வேண்டும் என்று நோட்டின் அட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள். அதுவரை ஒருவரும் வந்து கேட்டதில்லை.

"இந்தப் பக்கத்தைத் திரும்ப எழுது. என் பேர் வேண்டாம். அந்த 9.44ம் வேண்டாம்."

"பக்கத்துக்கு நம்பர் இருக்கே."

"நம்பரை நான் பார்த்துக்கறேன். உன் பயிற்சி நோட்டைக் கொண்டா. எத்தனை பாக்கி?"

"பன்னிரண்டு மணி நேரம்."

"அதையும் சேர்த்து இப்பவே கையெழுத்துப் போடறேன்." பேனாவை எடுத்து மூடியையும் கழற்றிவிட்டார்.

நயாரெத் பயிற்சி நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். அவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டிலிருந்து காவலாளி கூப்பிட்டான். ஓல்கெர் அடையாள அட்டையோடு வந்து நிற்கிறார், தன் புகாரின் பிரதி வேண்டுமாம்.

அவள் ரோஜாப் பிரதியைச் சத்தம் வரக் கிழித்தாள்.

"என்ன பண்றே?"

"விதி, தோன் லியாந்த்ரோ. கேட்டு வந்தா குடுக்கணும். நோட்டு அட்டையில உங்க கையெழுத்துதான் இருக்கு."

"அதுல என் பேர் இருக்கு!"

"ஓல்கெர் பேரும் இருக்கே. அவர்தான் முதல் வரி."

அவர் பேனாவை மூடினார். "அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை உங்கம்மாவோட கேன்டீன்ல உக்காந்து எண்ணிக்கோ" என்றார். அவள் கேட்டை நோக்கி நடந்தாள். ஓடவில்லை.

திங்கட்கிழமை ஹிமேனாவையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டு மேஜையில் அவள் மகளைப் பார்த்தாள். அடி விழும் என்றுதான் நயாரெத் நினைத்தாளாம்.

"அந்தக் காகிதத்துல அப்படி என்னடி இருந்துச்சு?"

"பதிமூணு நிமிஷத்துல குறைச்சாங்கம்மா."

"மாயித்தே விழுந்த அன்னிக்கும் பதிமூணு நிமிஷத்துல குறைச்சிருக்கலாமா?"

"ஆமா."

ஹிமேனா ரொட்டியைப் பிய்த்துக் கீழே வைத்தாள். ஓல்கெர் கொடுத்த அந்தப் பிரதியை வைத்து விசாரணைக்கு அதிகாரிகள் வந்தபோது வரிசையில் முதல் ஆளாக நின்றது அவள்தான். குருசாத் அறைக் கதவு எந்தெந்தக் காலையில் திறந்திருந்தது, சாப்பாடு கொண்டுபோனபோது உள்ளே என்ன பேச்சு நடந்தது என்று இருபது வருடக் கேன்டீன் ஞாபகத்தை வரிசையாக எடுத்து வைத்தாள்.

ஆலைக்கு அபராதம் விழுந்தது. குருசாத்தைத் தலைநகரத்துக்கு மாற்றினார்கள், முன்பைவிடப் பெரிய அறைக்கு. தண்டனை என்று அவர்கள் சொன்னது பதவி உயர்வு மாதிரியே இருந்தது.

பயிற்சி அறிக்கையில் நயாரெத் ஒரே பக்கம்தான் எழுதினாள். அதில் பழைய கட்டுரையின் இருமல் வரியை எழுதி, மேலே கோடு போட்டு அடித்திருந்தாள். அதன் கீழே இப்படி இருந்தது: "எரிக்கிறவன் புகை போகும் பக்கம் படுத்துத் தூங்க வேண்டும். வெயிலோ காற்றோ தண்ணீரோ, எதிலிருந்து கரண்ட் எடுத்தாலும் அதன் கெடுதல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம். இதைக் கண்டுபிடிக்க நான் அடுத்தவர் குழந்தை மேல் புகையை அனுப்பினேன். அதனால் நான் எந்த ஊரில் வேலை செய்தாலும் அந்தப் பக்கத்தில்தான் வீடு எடுப்பேன்." ஆசிரியர் ஓரத்தில் 'மின்சாரம் எங்கே?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

அக்டோபரில் வந்த புது மேனேஜருக்குப் பத்திரிகை என்றால் பயம். பன்னிரண்டு மணி நேரத்தை வந்து முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். முடித்த அன்றைக்குச் சாயங்காலம் கையெழுத்தும் போட்டார். அந்த ஒன்றரை நாளும் டெலிபோன் அறையில் என்ன நடந்தது என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. மேஜையில் ஒட்டியிருந்த சீட்டை நயாரெத் கிழித்துக் குப்பையில் போட்டிருந்தாள். அவசர எண்கள் பட்டியலில் குருசாத்தின் கைபேசி எண் இன்னும் கோடு போட்டு அடிக்கப்படாமல் இருந்தது. கடைசியாகக் கூப்பிட்டது எதுவீனா.

"நயா, இன்னிக்கும் நாறுது."

"ஆமா, தோன்யா. நாங்கதான். கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிட்டேன், இப்பக் குறைப்பாங்க. நீங்க இன்னொரு நம்பர் எழுதிக்கோங்க."

"யாரோடது?"

"தலைநகரத்துல இருக்கார். அங்க காத்து ரொம்ப நல்லா இருக்காம்."

எதுவீனா பென்சில் தேடும் சத்தம் கேட்டது. எண்ணை இரண்டு தடவை சொல்ல வைத்து எழுதிக்கொண்டாள்.

"எடுப்பானா?"

"தெரியாத நம்பர்னா எடுப்பார். உங்க தெருவுல எத்தனை போன் இருக்கு?"

"வீட்டுக்கு ஒண்ணுன்னாலும் நாப்பது தேறும்."

"எல்லாரும் சேர்ந்து கூப்பிட வேணாம், தோன்யா" என்றாள் நயாரெத். "ஒருத்தர் வெச்சதும் அடுத்தவர் கூப்பிடுங்க."